பீடத்துக்கு ஏறும் படிகளும் சேரித் தெருவும்: ஆயர் பிரெசில்லாக் விட்டுச்சென்ற கேள்வி



சோழவரம் ஏரியின் தண்ணீரைச் சென்னை நகரமே குடிக்கிறது. அந்த ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் சேரிக்குத் தனிக் குழாய், தனிச் சுடுகாடு, தனிக் கல்லறை என்பவை நமக்குப் புதிய செய்திகள் அல்ல. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை வாசலில் வேலைக்கு நிற்கும் நம் பிள்ளைகளில் சிலர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள். ஊரில் அவர்கள் தலித். அரசின் சான்றிதழில் அவர்கள் தலித் அல்ல. ஒரு சாதிக்கு இரண்டு முகவரிகள் எப்படி வந்தன என்பதற்கு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் ஒரு பக்கத்தை, இன்று புனிதர் பட்டத்துக்கான பாதையில் நிற்கும் ஒரு பிரெஞ்சு ஆயரின் வழியாகப் பார்க்கலாம் என்பதே இந்த நினைவுரையின் நோக்கம்.

அவர் பெயர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசில்லாக். 1813-இல் தென் பிரான்சின் காஸ்தெல்நோதாரியில் பிறந்தவர். பாரிஸ் வெளிநாட்டு வேதபோதக சபையில் சேர்ந்து 1842-இல் புதுச்சேரியில் வந்து இறங்கினார். தமிழ் கற்றார். சேலம் பகுதியில் பணியாற்றினார். பிறகு புதுச்சேரிக் குருமடத்தின் பொறுப்பை ஏற்றார். 1845-இல் கோயம்புத்தூர்ப் பகுதிக்குத் தலைவராக நியமிக்கப்பட்டு, 1846 அக்டோபர் 4 அன்று கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பத்தாண்டுகூட முடியாமல் அந்தப் பதவியைத் துறந்தார். 2020 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை 'வணக்கத்துக்குரியவர்' என்று அறிவிக்க ஒப்புதல் தந்தார்.

இந்தப் பாதையின் படிகளை முதலில் தெரிந்துகொள்வோம். ஒருவருக்கான விசாரணை தொடங்கும்போது அவர் 'இறை ஊழியர்'. அவருடைய வாழ்வும் எழுத்தும் ஆராயப்பட்டு, நற்பண்புகளை வீரத்துவ அளவில் வாழ்ந்தார் என்று உரோமை ஏற்றால் 'வணக்கத்துக்குரியவர்'. அவருடைய பரிந்துரையால் ஒரு புதுமை நடந்தது என்று உறுதியானால் 'அருளாளர்'. இன்னொரு புதுமைக்குப் பிறகு 'புனிதர்'. மறைசாட்சியாகக் கொல்லப்பட்டவர் அருளாளர் ஆகப் புதுமை தேவையில்லை. பிரெசில்லாக் இப்போது நிற்பது இரண்டாவது படி.

அவர் ஏன் கோயம்புத்தூரை விட்டுப் போனார்? இரண்டு காரணங்கள். இரண்டும் நம்மைத் தொடுபவை.

முதல் காரணம் 'மலபார் சடங்குகள்' என்று உரோமை ஆவணங்கள் சொல்லும் சாதிச் சிக்கல். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரையில் இராபர்ட் தெ நொபிலி பிராமணத் துறவிக் கோலம் பூண்டார். உயர்சாதியினரை ஈர்க்க வேண்டுமானால் சாதி வழக்கங்களைச் சமூக வழக்கமாக எண்ணி விட்டுவிடலாம் என்பது அவருடைய வாதம். ஒடுக்கப்பட்டோரிடம் செல்லப் பண்டாரசாமிகள் என்ற தனி வகைக் குருக்கள் பின்னர் வந்தனர். ஆக, குருக்களுக்கே சாதிப் படிநிலை வந்தது.

1703-இல் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன், மறு ஆண்டு ஓர் ஆணை பிறப்பித்தார். நோயில் கிடக்கும் பறையர்களின் வீட்டுக்குள் நுழைந்து அருளடையாளம் தர மறுக்கக்கூடாது என்பது அந்த ஆணையின் கூறுகளில் ஒன்று. அந்த ஒரு வரியைக் கவனியுங்கள். மறுக்கக்கூடாது என்று ஆணை போட வேண்டியிருந்தது என்றால், மறுப்பு நடைமுறையில் இருந்தது என்று பொருள். சாகக் கிடப்பவரின் வாசலில்கூடத் தீட்டு காவல் நின்றது.

நாற்பது ஆண்டுச் சண்டைக்குப் பிறகு 1744-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இறுதி ஆணை தந்தார். தூர்னோனின் ஆணை உறுதியானது. இங்கே வரும் ஒவ்வொரு வேதபோதகரும் அதைக் கடைப்பிடிப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும். ஆனால் அதே ஆணை, பறையர்களுக்கென்று தனிக் குருக்களை அனுப்பும் ஏற்பாட்டையும் ஏற்றது. தீண்டாமையைக் கண்டித்த காகிதத்திலேயே அது உள்ளே வரத் திட்டிவாசலும் வைக்கப்பட்டது.

நூறாண்டு கழித்து பிரெசில்லாக் அந்தச் சத்தியத்தைச் செய்தார். செய்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். அனுமதிக்கப்படும் வழக்கங்களில் எது சமூக வழக்கம், எது உரோமை தடை செய்த சமயச் சடங்கு என்பதில் வேதபோதகர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. சத்தியம் ஒன்றாகவும் நடைமுறை வேறாகவும் இருப்பது அவர் மனச்சாட்சியை உறுத்தியது. தெளிவான தீர்ப்பு கேட்டு உரோமைக்கு எழுதினார். தெளிவு கிடைக்கவில்லை.

இரண்டாவது காரணம், இந்த மண்ணின் குருக்கள். இந்தியர்களைக் குருக்களாக்கி, அவர்களிடமே பொறுப்பைக் கொடுத்து, அவர்களிலிருந்தே ஆயர்கள் வர வேண்டும் என்று அவர் விரும்பினார். 1844-இல் புதுச்சேரியில் கூடிய சங்கமும் இதை வலியுறுத்தியது. ஐரோப்பிய வேதபோதகர்கள் பலர் இதற்கு இணங்கவில்லை. பதவித் துறப்பு 1855-இல் ஏற்கப்பட்டது. தூத்துக்குடியில் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை ஆயரானது 1923-இல். இடையில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள்.

ஊர் திரும்பியவர் ஓய்ந்துவிடவில்லை. 1856 டிசம்பர் 8 அன்று லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையைத் தொடங்கினார். 1859-இல் சியாரா லியோனின் பிரீடவுன் நகரில் போய் இறங்கி, ஆறு வாரங்களில், ஜூன் 25 அன்று கொள்ளைக் காய்ச்சலில் இறந்தார். அவர் புனிதராக வேண்டும் என்று கேட்பவர்கள் முன்வைப்பது பெரும்பாலும் இந்த ஆப்பிரிக்க முடிவைத்தான். நாம் கேட்பது கோயம்புத்தூர் ஆண்டுகளை.

இங்கே நாம் நிதானமாக இருக்க வேண்டும். பிரெசில்லாக்கைச் சாதி ஒழிப்புப் போராளியாக்கி மாலை போடுவது வரலாறு ஆகாது. அவரை வருத்தியது முதன்மையாகத் திருச்சபைச் சட்டமும் சத்தியமும். சேரி மக்களின் விடுதலை அவர் கேள்வியின் மையம் அல்ல. ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. சாதியோடு சமரசம் செய்துகொண்டு ஆயர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எளிது. அவர் எழுந்துவிட்டார். அப்படி எழுந்தவர்கள் நம் வரலாற்றில் மிகச் சிலர்.

சாதிக்கும் புனிதர் பட்டத்துக்கும் இடையிலான வழக்கு அவரோடு தொடங்கவும் இல்லை. ஓரியூரில் 1693-இல் கொல்லப்பட்ட அருளானந்தர் என்ற ஜான் தெ பிரிட்டோவின் விசாரணையே, அவர் மலபார் சடங்குகளைக் கடைப்பிடித்தாரே என்ற கேள்வியில் சிக்கி நின்றது. அது தடையல்ல என்று 1741-இல் பதினான்காம் பெனடிக்ட் அறிவித்தார். அருளாளர் பட்டம் 1853-இல்தான் வந்தது. அதே ஆண்டுகளில்தான் கோயம்புத்தூரில் ஒருவர் அதே சடங்குகளால் தூக்கம் இழந்திருந்தார். நம் காலத்தில், 2022 மே 15 அன்று தேவசகாயம் புனிதரானபோது, அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்ற சாதிப் பட்டம் கோரிக்கைகளுக்குப் பிறகு நீக்கப்பட்டிருந்தது. கேட்டால் நடக்கும் என்பதற்கு அது சான்று.

பெயரில் இருந்து சாதி போகலாம். கோயிலில் இருந்து? வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பகுதியாகக் கோயிலைப் பிரித்த சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். ஆனாலும் 2008-இல் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் சம உரிமையும் தனிப் பங்கும் கேட்டபோது மோதல் வெடித்தது, காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. 2003-இல் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2022-இல் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். கண்டனம் மேலிருந்து வந்துகொண்டே இருக்கிறது, கல்லறைச் சுவர் கீழே நின்றுகொண்டே இருக்கிறது.

அரசும் இதில் கூட்டாளிதான். இந்தியக் கிறிஸ்தவர் எவரும் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார் என்று 1936 ஆணை சொன்னது. 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை இந்து அல்லாதவரை விலக்கியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவரும் தலித் இஸ்லாமியரும் இன்றும் வெளியே. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று அரசு சொல்கிறது. இருந்தது, இருக்கிறது என்பதற்குத் தூர்னோன் முதல் பிரெசில்லாக் வரை திருச்சபையின் ஆவணங்களே சாட்சி. மதம் மாறியவரின் நிலை பற்றி எழுதிய அண்ணல் அம்பேத்கர், மாற்றம் சாதியைக் கரைக்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்டினார். அந்த விமர்சனத்துக்கான ஆதாரம் திருச்சபையின் அலமாரியிலேயே இருக்கிறது.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேலை. புனிதர் பட்ட விசாரணைக்கு மக்களிடையே நிலவும் புனிதப் புகழும் ஓர் ஆதாரம். அந்த மக்களில் நாமும் அடக்கம். கோயம்புத்தூர், சேலம் பகுதிப் பழைய பங்குகளின் திருமுழுக்கு ஏடுகளைப் படியுங்கள். எந்தத் தெருவில் இருந்து யார் வந்தார்கள், எந்த வாசல் வழியாகக் கோயிலுக்குள் விடப்பட்டார்கள், எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று முதியவர்களைக் கேட்டு எழுதுங்கள். நம் சோழவரம் பக்கத்துப் பங்குகளிலும் இதைத் தொடங்கலாம். அந்த எழுத்து உரோமைக்கும் போகட்டும், பட்டியல் சாதித் தகுதி குறித்து ஆராய 2022-இல் அமைக்கப்பட்ட பாலகிருஷ்ணன் ஆணையத்தின் காதுக்கும் எட்டட்டும்.

பிரெசில்லாக் புனிதர் ஆவாரா என்பதை உரோமை முடிவு செய்யும். அவர் கேட்டு விடை பெறாமல் போன கேள்வி, எது வழக்கம், எது பாவம் என்பது. சேரித் தெருவில் நிற்கும் நமக்கு அதில் குழப்பம் ஏதும் இல்லை. அந்த விடையை எழுத்தில் பதிவது நம் பொறுப்பு.