இயேசு இமயமலையில் கல்வி கற்றாரா?



கோடைக்கானலில், வட்டக்கானல் பக்கம் தங்கும் வெளிநாட்டுப் பயணிகள் சிலர், "இயேசு இந்தியாவில் படித்தவர்தானே?" என்று நம் இளைஞர்களிடம் சொல்கிறார்கள். இளைஞர்கள் மறைக்கல்வி வகுப்பில், "சாமி, இது உண்மையா?" என்கிறார்கள். கேட்கட்டும், நல்லதுதான்.

பன்னிரண்டு வயதில் எருசலேம் கோவிலில் காணும் இயேசுவை (லூக் 2:42), அடுத்து ஏறக்குறைய முப்பது வயதில்தான் (லூக் 3:23) காண்கிறோம். இந்த இடைவெளியில் தம் கதையை நுழைத்தவர் நிக்கோலாய் நோட்டோவிச் என்ற ரஷ்யர். கால் முறிந்து லடாக்கின் ஹெமிஸ் புத்த மடத்தில் தங்கியபோது, 'ஈசா' என்பவரைப் பற்றிய சுவடியைத் துறவிகள் தமக்கு வாசித்துக் காட்டியதாக 1894இல் பிரெஞ்சு மொழியில் நூல் வெளியிட்டார். அதே ஆண்டில் மாக்ஸ் முல்லர் அதை மறுத்து எழுதினார். நம் செண்பகனூரில் இயேசு சபையாரின் திருஇருதயக் கல்லூரி தோன்றிய 1895இல், ஆக்ராவில் பேராசிரியராக இருந்த ஆர்ச்சிபால்ட் டக்ளஸ் ஹெமிஸுக்கே நேரில் போய் விசாரித்தார். அப்படி ஒரு சுவடியே கிடையாது, எல்லாம் பொய் என்றார் மடத்தின் தலைவர்.

ஸ்ரீநகரின் ரோசாபால் கல்லறை வேறு கதை. இயேசு சிலுவையில் சாகாமல் காஷ்மீர் வந்து இறந்தார் என்று மிர்சா குலாம் அகமது 1899இல் எழுதினார். பிற்காலத்தில் ஹோல்கர் கெர்ஸ்டன் போன்றவர்கள் இரு கதைகளையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

விவிலியம் என்ன காட்டுகிறது? இயேசு போதித்தபோது நாசரேத்து மக்கள், இவர் தச்சர் அல்லவா, மரியாவின் மகன் அல்லவா என்று வியந்தார்கள் (மாற் 6:3). பல ஆண்டுகள் தூர தேசத்தில் கற்றுத் திரும்பியவராக இருந்தால், இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்று ஊரார் திகைத்திருக்க மாட்டார்களே!

மூலச் சுவடி எங்கே என்று பிறரிடம் கேட்கும் நாம், நம் வீட்டுக் கதையையும் மறைக்கக் கூடாது. வள்ளுவருக்குப் புனித தோமையாரின் போதனை கிடைத்தது என்று நிறுவ நம்மவர் சிலர் பெரிதும் உழைத்தார்கள். மு. தெய்வநாயகம் 1969இல் 'திருவள்ளுவர் கிறித்தவரா?' என்ற நூலை எழுதினார். தமிழறிஞர் பலர் அதை ஏற்கவில்லை. 1970களில் சென்னைப் பேராயர் அருளப்பா இந்த ஆய்வில் ஆர்வம் காட்டினார். ஓலைச்சுவடிச் சான்றுகள் தருவதாகச் சொல்லி ஒருவர் அவரிடம் பெருந்தொகை பெற்றார். பேராயர் தாமே நல்ல தமிழறிஞர், இருந்தும் ஏமாந்தார். சான்றுகள் போலி எனத் தெரிந்து வழக்கு நடந்தது. 1986இல் அந்த மனிதருக்கு நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது.