இடம் கிடைக்காதவரின் வரலாறு: ரயில்வே பேரேட்டிலிருந்து இணையச் செருகுநிரல் வரை

கடந்த பருவத்தில், தில்லியில் எங்கள் துறையின் ஆய்வு மாணவர்கள் நான்கு நாள் ஆவணவியல் பயிலரங்கு ஒன்றை நடத்தினோம். இடங்கள் 40. துறையின் இணையதளம் வேர்ட்பிரஸில் இயங்குவதால், பதிவையும் கட்டணத்தையும் கவனித்துக்கொள்ளத்தக்க பிளகின் ஒன்றை, அதாவது செருகுநிரலை, தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. விலை, தோற்றம், நட்சத்திர மதிப்பீடு ஆகியவற்றை ஒப்பிட்டு ஒன்றை நிறுவினேன். பணம் செலுத்தாமல் இடத்தைப் பிடித்து வைப்போரைத் தவிர்க்க, ஐந்து நிமிடத்துக்குள் கட்டணம் வராவிடில் பதிவு ரத்தாகும்படி அமைத்தேன். வடகிழக்கிலிருந்து பதிவுசெய்த ஆய்வாளர் ஒருவரின் யுபிஐ பரிமாற்றம் நிலுவையில் நின்று, ஆறாவது நிமிடத்துக்குப் பிறகே நிறைவேறியது. அவர் கணக்கில் பணம் குறைந்துவிட்டது. இடமோ வேறொருவருக்குப் போய்விட்டது. பணம் திரும்பி வந்தபோதுதான் தமக்கு இடமில்லை என்று அவருக்குத் தெரிந்தது. அதற்குள் ரயில் சீட்டு எடுத்திருந்தார். அந்தச் சீட்டும் காத்திருப்போர் பட்டியலில்தான் இருந்தது. ஆனால் தம் வரிசை எண் என்ன என்பதை ரயில்வே அவருக்குச் சொல்லியிருந்தது, நாங்கள் சொல்லவில்லை.

செருகுநிரலின் பெயர் இங்குத் தேவையில்லை, பிழை என்னுடையது. ஆனால் அந்த மின்னஞ்சலைப் படித்தபின், நான் ஒப்பிட்ட அம்சங்களுள் ஒன்றுகூட இடம் கிடைக்காதவரைப் பற்றியது அன்று என்பது உறைத்தது. வரலாற்று மாணவனுக்கு அங்கிருந்து பின்னோக்கிச் செல்வதே இயல்பு.

கணினிக்கு முந்தைய ரயில் முன்பதிவு கையெழுத்துப் பேரேட்டில் நடந்தது. ஒரு வண்டியின் ஒரு நாளுக்குரிய பக்கம் ஒன்றே. அதைக் கையில் வைத்திருக்கும் எழுத்தர் ஒருவரே. எனவே இந்த வண்டிகளுக்கு இந்தச் சாளரம் என்று பிரித்தாக வேண்டியிருந்தது. ஒரு சாளரத்தில் மணிக்கணக்கில் நின்று இடமில்லை என்றறிந்தவர், மற்றொரு வண்டிக்காக மற்றொரு வரிசையின் கடைசியில் போய் நிற்பார். திரும்பும் பயணத்துக்கு அந்த ஊருக்குத் தந்தி போக வேண்டும். இம்முறையின் குறைகள் அனைவரும் அறிந்தவை. அதன் ஒரு குணத்தை மட்டும் குறிப்பிட வேண்டும்: பக்கம் ஒன்றே என்பதால், ஒரே படுக்கையை ஒரே கணத்தில் இரு கைகள் எழுத முடியாது. இன்று தரவுத்தளப் பொறியாளர்கள் பூட்டு என்று அழைப்பதை அன்று காகிதமே செய்தது.

ஒரே பக்கத்தைப் பல சாளரங்கள் ஒருசேர எழுதுவது எப்படி என்ற கேள்விக்கு விடையாக வந்ததே கணினி முன்பதிவு. இந்திய அரசின் சிஎம்சி நிறுவனம் உருவாக்கிய இம்ப்ரெஸ் அமைப்பு 1985-86இல் புதுதில்லியில் சோதனையாகத் தொடங்கியது. எந்தச் சாளரத்திலும் எந்த வண்டிக்கும் சீட்டு பெறலாம் என்பது அன்றைய பயணிக்குப் புரட்சிதான். 1986இல் ரயில்வேக்கென கிரிஸ் என்ற தகவல் மையம் நிறுவப்பட்டது. அது உருவாக்கிய கான்செர்ட் மென்பொருள் 1994இல் செகந்திராபாத்தில் நடைமுறைக்கு வந்தது. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999 ஏப்ரலில் ஒரே வலையில் இணைந்தன. 2002 ஆகஸ்டில் ஐஆர்சிடிசி வழியாக இணையத்தில் சீட்டு எடுக்கலாம் என்றானபோது, சீட்டு கூரியரில் வீடு வந்தது. மின்சீட்டு 2005இல்தான் வந்தது.

இக்கதையைத் தொழில்நுட்ப வளர்ச்சியாகச் சொல்வது வழக்கம். நிர்வாக வரலாறாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. இடம் கிடைக்காதவருக்குப் பெயரும் எண்ணும் தரும் மரபு இங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆர்.ஏ.சி. என்னும் ஏற்பாட்டில் பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையை இருவர் அமர்ந்து பகிர்கிறார்கள். வண்டி ஏறும் உரிமை உறுதி, படுக்கும் உரிமை பின்னர். அதற்கும் கீழே காத்திருப்போர் பட்டியல். அதற்குள்ளும் பொது, தொகுப்பு, இடைநிலையம் என வகைகள். மகளிர், பாதுகாப்புப் படையினர், அவசரத் தேவை எனத் தனித்தனி ஒதுக்கீடுகள். இது சமத்துவமான வரிசை அன்று. அவசர ஒதுக்கீட்டின் வழியே செல்வாக்கு எப்படி நுழைகிறது என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் வரிசையில் தம் நிலை என்ன என்பதைப் பயணி படித்தறிய முடிகிறது.

மின்சீட்டு இம்மரபில் ஓர் உடைப்பையும் உண்டாக்கியது. அட்டவணை தயாரானபின்னும் ஒரு மின்சீட்டிலுள்ள அனைவரும் காத்திருப்போராகவே இருந்தால், அச்சீட்டு தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். சாளரத்தில் எடுத்த காகிதச் சீட்டோ கையிலேயே இருக்கும். அதை நேரில் கொடுத்துத்தான் பணம் பெற வேண்டும். அது கையிலிருக்கும் நம்பிக்கையில் பொதுப்பெட்டியில் ஏறிச் சென்ற தலைமுறைகள் உண்டு. ஒரே வரிசை எண். ஊடகம் மாறியதும் அதன் பொருள் மாறிவிட்டது.

இணையச் செருகுநிரலின் வம்சாவளி முற்றிலும் வேறு. வேர்ட்பிரஸ் 2003இல் வலைப்பதிவு எழுதும் கருவியாகப் பிறந்தது. 2004இல் வெளியான 1.2ஆம் பதிப்பில்தான், மூல நிரலைத் தொடாமல் அதில் கொக்கி மாட்டிப் புதிய வேலைகளைச் சேர்க்கும் வசதி வந்தது. ஒரு கட்டுரையை வெளியிட உருவான கருவியின் மேல், பின்னர் நாட்காட்டிகளும் கடைகளும் கட்டப்பட்டன. ஈவென்ட் எஸ்பிரெசோ போன்ற நிகழ்ச்சிப் பதிவுச் செருகுநிரல்கள் 2009 வாக்கில் வந்தன. 2011இல் வெளியான வூகாமர்ஸ், ஜிகோஷாப் என்ற கடைச் செருகுநிரலின் நிரலை எடுத்துத் தனிக்கிளையாக வளர்க்கப்பட்டது. ஜிபிஎல் உரிமம் அதை அனுமதித்தது. 2015இல் ஆட்டோமேட்டிக் நிறுவனம் அதை வாங்கியது. இன்று வகுப்புப் பதிவு, சீட்டு விற்பனை என்ற பெயரில் கிடைக்கும் ஏற்பாடுகளுள் பல, நேரடியாகவோ மறைமுகமாகவோ இந்தக் கடையின் மேல் அமர்ந்தவை.

இதன் விளைவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கடையின் இலக்கணத்தில் இருக்கை என்பது சரக்கு; 40 இடங்கள் என்பது 40 சட்டைகளைப் போல ஒரு கையிருப்பு எண். வூகாமர்ஸின் இயல்பு அமைப்பில், ஒரு பொருளைக் கூடையில் இட்டதனாலேயே அது ஒதுக்கப்படுவதில்லை. ஆர்டர் உருவான பிறகே கையிருப்பு பிடித்துவைக்கப்படுகிறது. 60 நிமிடங்களுக்குள் பணம் வராவிடில் ஆர்டர் ரத்தாகிச் சரக்கு மீண்டும் அலமாரிக்குப் போகிறது. சட்டை விற்பவருக்கு இது போதும். தீர்ந்துவிட்டால் இன்னொரு கட்டு வரவழைப்பார். பயிலரங்கின் நாற்பத்தொன்றாவது இருக்கையை எங்கிருந்து வரவழைப்பது? காத்திருப்போர் பட்டியல் இந்த இலக்கணத்தின் உள்ளேயே இல்லை. அது பின்னர் ஒட்டப்படுகிறது. மேற்சொன்ன ஈவென்ட் எஸ்பிரெசோவிலும் அது தனியே சேர்க்க வேண்டிய இணைப்பாகவே வந்தது. ரயில்வேயில் அடித்தளமாக இருப்பது இங்கே கூடுதல் அலங்காரம்.

இந்திய நிறுவனங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இச்செருகுநிரல்கள் உருவான உலகில் பணம் என்பது கடன் அட்டையும் பேபாலும். இங்கோ 2009 ஆகஸ்டிலிருந்தே இணையத்தில் அட்டை வழிக் கட்டணத்துக்குக் கூடுதல் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது ரிசர்வ் வங்கி. 2016இல் யுபிஐ வந்தது. 2021 ஏப்ரல் முதல் பேபால் இந்தியாவுக்குள்ளான கட்டணச் சேவையை நிறுத்திக்கொண்டது. 2022 அக்டோபரிலிருந்து வணிகத் தளங்கள் அட்டை எண்ணைச் சேமித்துவைக்க முடியாது. ஆகவே நாம் செருகுநிரலைத் தேர்ந்தெடுக்கும்போது உண்மையில் முதலில் தேர்ந்தெடுப்பது பேமென்ட் கேட்வேயை. அது செருகுநிரலோடு எப்படிப் பேசுகிறது, தாமதமாக வந்த பணத்தைப் பற்றிய செய்தியை ரத்தான ஆர்டருக்கு எப்படிச் சேர்க்கிறது என்பதே என் ஐந்து நிமிட விபத்தின் மையம். யுபிஐயில் நிலுவை என்பது அன்றாட நிகழ்வு. அதற்கு இடம்விடாத கால எல்லை, இணைப்பு மெதுவாக உள்ள ஊர்க்காரரை முதலில் வெளியேற்றுகிறது.

2021ஐ நாம் மறந்துவிட்டோமோ என்று சில வேளை ஐயுறுகிறேன். அவ்வாண்டு ஏப்ரல் 28 அன்று 18 முதல் 44 வயதுடையோருக்கான தடுப்பூசிப் பதிவு கோவின் தளத்தில் திறக்கப்பட்டது. ஒரே நாளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பதிந்தனர். நேர ஒதுக்கீடுகளோ சில நொடிகளில் தீர்ந்தன. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் காலியிடத்தை அறிவிக்கும் கருவிகளைச் செய்துகொண்டார்கள். மற்றவர்கள் திரையைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தார்கள். அங்கே காத்திருப்போர் பட்டியல் கிடையாது. நேற்று முயன்று தோற்றவருக்கும் இன்று முதன்முறை வந்தவருக்கும் வேறுபாடு இல்லை. மே இறுதியில் உச்ச நீதிமன்றம் இந்த எண்ணிமப் பிளவைச் சுட்டிக்காட்டியது. அதே மாதம் அரசு மையங்களில் நேரடிப் பதிவுக்கு வழிவிடப்பட்டது. ஜூனில் முன்பதிவு கட்டாயமன்று என அறிவிக்கப்பட்டது. வேகமே தகுதி என்னும் முறை எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று வேண்டாம். ரயில்வேயின் தட்கல் நேரமும் இதே நோய்க்கு ஆட்பட்டதுதான். 2025 ஜூலையில் இணையவழித் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது, தானியங்கி நிரல்களை வெளியேற்றும் முயற்சியாக. அதன் தனியுரிமைச் செலவு வேறு விவாதம்.

நண்பர்கள் சிலர், செருகுநிரல் எதற்கு, சீட்டு விற்கும் தளம் ஒன்றிடம் ஒப்படைத்துவிடலாமே என்கிறார்கள். சிறிய நிகழ்வுக்கு அது நியாயமான வழிதான். தாங்கும் திறன் அவர்களுக்கு அதிகம். ஆனால் பதிவேடு அவர்களிடம் போய்விடும். யார் வந்தார்கள், யார் விண்ணப்பித்தும் இடம் பெறவில்லை என்ற விவரம் ஒரு துறையின் ஆவணம். பிற்கால ஆய்வாளருக்கு அது மூலம். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், அதை வைத்திருப்பவருக்குப் பொறுப்பும் உண்டு. பெயரும் மின்னஞ்சலும் போதுமான இடத்தில் பிறந்த தேதியைக் கேட்கும் படிவத்தை நாமே திருத்த வேண்டும். சொந்தத் தளத்தில் திறந்த உரிமச் செருகுநிரலை வைத்திருப்பதன் நன்மை, உருவாக்கியவர் கைவிட்டாலும் நிரல் கையிலிருக்கும் என்பது. அதைப் பராமரிக்க ஆள் இருந்தால்தான் அந்த நன்மை மெய்யாகும். திட்டநிதி தீர்ந்ததும் மாணவர்கள் பட்டம் பெற்றுப் போய்விட, புதுப்பிக்கப்படாத செருகுநிரல் வழியே களவாடப்பட்ட துறைத் தளங்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பருவத்துக்கு வேறொரு செருகுநிரலை நிறுவியிருக்கிறோம். தோற்றம் சுமார். கட்டணம் நிலுவையில் நின்றால் இடம் ஒரு மணி நேரம் காக்கப்படும். நாற்பத்தொன்றாவது ஆளுக்குப் பணம் பிடிக்காமல் வரிசை எண் தரப்படும். இடம் காலியானால் அவருக்கு 24 மணி நேரம் அவகாசம். 36 இடங்கள் மட்டுமே இணையத்தில். மீதி நான்கு, இணையத்தில் முடியாதவர்கள் தொலைபேசியில் பதிவதற்காக, துறை அலுவலகத்திலுள்ள ஒரு நோட்டுப் புத்தகத்தில். அந்த நோட்டை இருவர் ஒரே நேரத்தில் எழுத முடியாது. சென்ற முறை இடமிழந்தவரின் பெயர், அவர் சம்மதத்துடன், அதன் முதல் வரியில் இருக்கிறது.