பக்கவாத்தியமும் ஒரு பெட்டியும்

இடக்கையால் ஒரு கார்டைப் பிடித்தால் போதும். டிரம்ஸ், பாஸ், கிதார், வயலின் கூட்டம் யாவும் அதற்கேற்ப ஒலித்துக்கொண்டு பின்னால் வரும். அரேஞ்சர் கீபோர்டு என்பது இதுதான். இவ்வளவு செய்யும் கருவியை இசைக்கலைஞர் பலர் முழு வாத்தியமாக மதிப்பதில்லை. ஒலித்தரம் போதாது என்பது வழக்கமான விடை. ஒரு காலத்தில் அது உண்மையே, இன்று செல்லாது. காரணத்தை அதன் பிறப்பில் தேட வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

1959-இல் அமெரிக்காவின் வுர்லிட்சர் நிறுவனம் ஒரு தாளப்பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே வால்வுகள், சுழலும் வட்டு ஒன்று. வட்டு சுழலச் சுழலத் தாளம் பிறக்கும். வீட்டில் தனியே ஆர்கன் வாசிப்போருக்கு அது துணை. அதற்கு இட்ட பெயர்தான் வேடிக்கை: 'சைட்மேன்'. நம் மொழியில் பக்கவாத்தியக்காரர்! ஒரு மனிதரின் தொழிற்பெயரையே பெட்டிக்குச் சூட்டினால் அத்தொழிலார் எப்படி வரவேற்பர்? இசைக்கலைஞர் சங்கங்கள் பிழைப்பு போய்விடுமென்று அஞ்சின. பின்னர் அத்தாளப்பெட்டி ஆர்கனுக்குள்ளேயே குடியேறியது. தானியங்கு கார்டும் பாஸும் சேர்ந்தன. 1980-களில் அதுவே சுமந்து செல்லத்தக்க கீபோர்டாகியது. மேடையில் பிறந்த கருவியன்று இது, கூடத்தில் பிறந்தது.

அச்சம் பொய்யுமன்று. கேசியோவின் எம்டி-40 என்னும் சிறிய கீபோர்டு 1981-இல் வெளிவந்தது. அதிலிருந்த 'ராக்' தாளக்கட்டை அமைத்தவர், ரெகே இசையை ஆய்ந்து பட்டம் பெற்ற ஒக்குடா ஹிரோக்கோ. 1985-இல் ஜமைக்காவில் அதே தாளக்கட்டின்மேல் வெய்ன் ஸ்மித் பாடிய 'அண்டர் மீ ஸ்லெங் டெங்' பெருவெற்றி கண்டது. அதன்பின் அந்நாட்டு ஒலிப்பதிவுக் கூடங்களில் பாஸ், டிரம்ஸ் கலைஞர்களுக்கு அழைப்பு குறைந்தது.

வாங்குவோர் தயங்குவதற்குக் காரணம் வேறு. உயர்வகை அரேஞ்சரின் விலை கற்றுக்கொள்பவருக்குக் கட்டுபடியாகாது. அந்த விலை தரக்கூடிய தொழிற்கலைஞரோ சிந்தசைசரையும் கணினியையும் நாடுகிறார். ஆயத்தப் பாணிகளுக்கு இன்னொரு குறை உண்டு: அவை விரைவில் பழசாகிவிடும். பத்துப் பாட்டுக்குப்பின் அதே முன்னிசை, அதே முடிப்பு.

ஆயினும் அரபு நாடுகளிலும் துருக்கியிலும் பால்கன் பகுதியிலும் திருமண மேடைகளில் இக்கருவி அரசோச்சுகிறது. குழு முழுவதற்கும் கூலி தர இயலாத இடத்தில் ஒருவரே குழுவாக வேண்டியிருக்கிறது. கோர்க், யமஹா நிறுவனங்கள் அவர்களுக்கெனவே அரபிசையின் கால்சுரங்களை எழுப்பும் தனி வகைகளைச் செய்து விற்கின்றன.