கல்லும் பிசினும்: பல் அடைப்பின் மேற்பரப்பு கடந்து வந்த பாதை

மும்பை செம்பூரை ஒட்டிய திலக் நகரிலும் மாதுங்காவிலும் காலைக் காப்பியையும் நண்பகல் சாம்பாரையும் விடாத தமிழ்க் குடும்பங்கள் உண்டு. பல்லின் நிறத்திலேயே அமையும் காம்போசிட் அடைப்புக்குக் காப்பியும் மஞ்சளும் கடுமையான சோதனைகள். சில ஆண்டுகளில் அடைப்பு பழுப்பேறினால், மீண்டும் சொத்தை விழுந்துவிட்டதோ என்ற அச்சம் எழுகிறது. அந்தப் பழுப்பு பல வேளைகளில் மேற்பரப்பின் கதை மட்டுமே. அக்கதைக்கு 60 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

மும்பையில் நாயர் பல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்ட 1933-ஆம் ஆண்டளவில், கடைவாய்ப் பற்களுக்குப் பாதரசக் கலவையான அமால்கமும் முன்பற்களுக்குச் சிலிக்கேட் சிமெண்டுமே உலகெங்கும் வழக்கில் இருந்தன. அமால்கம் உறுதியானது, ஆனால் கருநிறம். சிலிக்கேட் வெண்மையானது, ஆனால் உமிழ்நீரில் மெல்லக் கரைந்தது. பின்னர் வந்த அக்ரிலிக் பிசின் இறுகும்போது சுருங்கி, பல்லுக்கும் அடைப்புக்கும் இடையே இடைவெளி விட்டது.

இச்சிக்கலுக்கு விடை கண்டவர் அமெரிக்க ஆய்வாளர் ரஃபேல் போவென். இருவகைப் பிசின்களின் பண்புகளை ஒரே மூலக்கூறில் இணைத்து, அதில் சிலிக்கா தூளைக் கலந்து, 1962-இல் அவர் காப்புரிமை பெற்றார். கல்துகளும் பிசினும் இயல்பாக ஒட்டாதவை. ஆகவே துகள்களுக்குச் சிலேன் என்னும் வேதிப்பூச்சு இடப்பட்டது. அதுவே இரண்டையும் பிணைக்கும் பாலமாயிற்று. எனாமலை அமிலத்தால் பொறித்தால் பிசின் அதில் பற்றும் என்பதை மைக்கேல் புவோனகோர் 1955-லேயே காட்டியிருந்தார்.

உறுதி கிடைத்தது, வழவழப்பு கிடைக்கவில்லை. தொடக்ககாலத் துகள்கள் பல மைக்ரான் பருமன் கொண்டவை. மெல்லும்போது மென்மையான பிசின் முதலில் தேய்ந்தது; கடினமான துகள்கள் துருத்தி நின்றன; பிறகு உதிர்ந்து குழிகளை விட்டன. அக்குழிகளில் கறையும் கிருமிகளும் குடியேறின. 1970-களின் இறுதியில் 0.04 மைக்ரான் அளவிலான நுண்துகள்கள் வந்தன. மேற்பரப்பு கண்ணாடிபோல் மெருகேறியது. ஆனால் அத்துணை நுண்ணிய தூளை மிகுதியாகச் சேர்க்க இயலாததால் வலிமை குறைந்தது. பெரியதும் சிறியதும் கலந்த கலப்பு வகைகளும், 2000-க்குப் பின் வந்த நானோ துகள் வகைகளும் இவ்விரு தேவைகளையும் சமன்செய்ய முயன்றவையே.

வழவழப்பு வெறும் அழகன்று. சராசரிச் சொரசொரப்பு 0.2 மைக்ரானுக்கு மேற்பட்டால் கிருமிப்படலம் படிவது கூடுகிறது என்று 1997-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று எடுத்துரைத்தது. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றது. அமால்கம் பின்வாங்கும் இடத்தில் காம்போசிட்டின் பொறுப்பு பெருகுகிறது. அடைப்பின் முடிவில் சில நிமிடங்கள் செய்யும் மெருகேற்றலின் மதிப்பும் உடன் பெருகுகிறது.

மேலோட்டமான கறையை மெருகிட்டே நீக்கிவிடலாம். அது கறையா சொத்தையா என்பதைப் பல் மருத்துவர் ஆய்ந்து சொல்வார். ஆராயாமல் பழுப்பேறிய அடைப்பைப் பெயர்த்தெடுத்தால், அதனுடன் நல்ல பல்லும் சிறிது போய்விடும். போன பல் திரும்ப வளராது.