கை விரியாத காலை

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. அதன் வாசலிலேயே எலும்புக்கூட்டைக் கல்லில் செதுக்கி வைத்திருப்பார்கள். கோடை விடுமுறைக்குக் கோட்டைக்குப்பம் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஆயாவோடு அந்த வாசலைக் கடந்தபோது, அவள் தன் கோணிப்போன விரல்களைப் பார்த்துவிட்டு அதைக் காட்டிச் சொன்னாள்: "அதுக்கு இன்னாடா, நிம்மதியா நிக்குது. சதை இருந்தாத்தான வலி."

மருத்துவப்படியும் ஆயா சொன்னது சரிதான். மூட்டில் எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு நரம்பே கிடையாது. மூட்டுக்குள் உறைபோல இருக்கும் மெல்லிய சவ்வு வீங்கும்போதுதான் உயிர் போகும்.

2006-இல் நான் இன்ஜினியரிங் முதலாண்டு சேர்ந்திருந்தேன். அந்த வருடம் நாடு முழுக்க சிக்குன்குன்யா. அரசுக் கணக்கிலேயே சுமார் 14 லட்சம் பேர். ஆயாவின் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். நாலைந்து நாளில் காய்ச்சல் விட்டது. மாதங்கள் போகப்போக மற்றவர்களுக்கு வலியும் குறைந்தது. ஆயாவுக்கு மட்டும் குறையவில்லை. போன இடத்திலெல்லாம் ஒரே பதில்தான்: "சிக்குன்குன்யா வந்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்." வலி மாத்திரை, ஊசி, மறுபடி வலி மாத்திரை. மீன் கூடையைத் தூக்க முடிந்தவளால் அரிவாள்மணையில் மீனைப் பிடித்து அறுக்க முடியவில்லை. இப்படியே நாலு வருடம் ஓடியது.

பிறகுதான் சென்னையில் ஒரு மூட்டுநோய் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் முதலில் ஸ்கேன் எதுவும் எழுதவில்லை. ஒரு கேள்வி கேட்டார்: "காலையில எழுந்ததும் கை விறைப்பா இருக்குமாம்மா? எவ்வளவு நேரம்?"

"நிமிஷக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. போட்டு வந்து ஏலம் முடியிற வரைக்கும் கை விரியாது."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஆயாவின் இரண்டு கைகளையும் பிடித்துப் பார்த்தார்.

அந்தக் கேள்வியின் வரலாற்றைத் தேடி நான் பின்னாளில் படிக்கப் போனேன். அது என்னைச் சுற்றிவளைத்து மறுபடி டச்சுக்காரர்களிடமே கொண்டுவந்து விட்டது.

1613-இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. இங்கிருந்து துணியும், பதினேழாம் நூற்றாண்டில் அடிமைகளாக்கப்பட்ட மனிதர்களும், டச்சுக் கம்பெனியின் ஆசியத் தலைநகரான பத்தாவியாவுக்குக் கப்பலேறினார்கள். பத்தாவியா என்பது இன்றைய ஜகார்த்தா. அங்கே நகர அறுவை மருத்துவராக இருந்தவர் டேவிட் பைலோன். 1779 மே 25, மாலை ஐந்து மணிக்கு நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது அவருடைய வலது கையில் வலி தொடங்கியது. ஒன்பது மணிக்கெல்லாம் கடும் காய்ச்சலோடு படுக்கையில் கிடந்தார். ஊரே அப்படித்தான் கிடந்தது. 'விரல்மூட்டுக் காய்ச்சல்' என்று பெயர் வைத்தார்கள்.

பைலோன் தன் நோயைத் தானே எழுதிவைத்தார். மூன்று வாரம் கழித்தும் கணுக்கால் வீக்கம் போகவில்லை, படியேறினால் வலி, காலையில் எழும்போதும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழும்போதும் அசைய முடியவில்லை என்று எழுதினார். ஆயாவிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு 1779-லேயே ஒருவர் பதில் எழுதியிருக்கிறார்!

பிற்கால மருத்துவர்கள் பைலோன் பார்த்தது டெங்கு என்று முடிவுகட்டிப் பாடப்புத்தகங்களில் எழுதினார்கள். 1952-53-இல் இன்றைய தான்சானியாவில் மக்கோண்டே மக்களிடையே ஒரு காய்ச்சல் பரவியது. வலியில் உடம்பு வளைந்துபோவதைச் சொல்லும் அவர்களுடைய மொழிச் சொல்தான் சிக்குன்குன்யா. 1963-இல் அது கல்கத்தாவுக்கு வந்தது. 1964-இல் மதராஸில் மட்டும் சுமார் 4 லட்சம் பேருக்கு வந்ததாக மதிப்பிட்டார்கள். அப்போது ஆயாவுக்கு இருபது வயதுகூட இருக்காது. ராயபுரத்தில் இளவயசுக்காரர்கள் கிழவர்கள்போலக் குனிந்து நடந்ததைப் பார்த்ததாகச் சொல்லுவாள். ஒருமுறை வந்தால் மறுபடி அநேகமாக வராத நோய் அது. அறுபத்துநாலில் தப்பித்தவள் இரண்டாயிரத்து ஆறில் மாட்டினாள்.

அதே 1964-இல் வேலூரில் டொனால்ட் கேரி என்ற வைரஸ் ஆய்வாளர் வேலை பார்த்தார். அங்கே சிக்குன்குன்யாவும் டெங்குவும் ஒரே நேரத்தில் இருந்தன. நோயாளிகளின் ரத்தத்திலிருந்து எது எந்த வைரஸ் என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. மூட்டை விடாமல் பிடித்துக்கொள்வது சிக்குன்குன்யாதான். 1971-இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார்: பைலோன் பார்த்தது டெங்கு அல்ல, சிக்குன்குன்யாவாக இருக்க வேண்டும், 1827-28-இல் கரீபியத் தீவுகளில் 'டெங்கு' என்ற பெயர் கிளம்பியபோது அது குறித்த நோயும் இதுவே, பிறகு பெயர் மட்டும் வேறொரு நோய்க்குப் போய் ஒட்டிக்கொண்டது.

என் தொழிலில் இது தினசரிக் கதை. ஒரு பிழைக்கு ஏற்கெனவே பெயர் இருந்தால், அதே மாதிரி தெரியும் அடுத்த பிழையையும் அதன் கீழேயே போட்டு மூடிவிடுவோம். ஆயாவுக்கும் அதுதான் நடந்தது. ரத்தத்தில் ருமட்டாய்டு காரணி, ஆன்டி-சிசிபி இரண்டுமே பாசிட்டிவ். ஆயாவுக்கு இருந்தது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுச் சவ்வைத் தாக்கும் நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருவது. சிக்குன்குன்யா அவளுக்கு வந்தது நிஜம். ஆனால் அந்தப் பெயர் இருந்ததால் வேறு பெயரை யாரும் தேடவில்லை.

மருத்துவர் எங்களுக்கு விளக்கியது இதுதான். தேய்மானத்தால் வரும் மூட்டுவலியில் காலை விறைப்பு பொதுவாக அரை மணிக்குள் விட்டுவிடும். வேலை செய்யச்செய்ய வலி ஏறும். அழற்சி என்றால் விறைப்பு ஒரு மணி நேரம்கூட நிற்கும். அசைய அசையத்தான் இளகும். விறைப்பை வைத்து இது வயசுக் கோளாறு இல்லை என்று சொல்லலாம். எந்த அழற்சி என்று சொல்ல அது மட்டும் போதாது. அதற்கு இரண்டு பக்கமும் எந்தெந்த மூட்டு, எத்தனை வாரம், ரத்தம் என்ன சொல்கிறது என்று மேலே கேட்க வேண்டும். சிக்குன்குன்யாவே மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், அச்சு அசல் முடக்குவாதம்போல நடிக்கும். முடக்குவாதத்துக்கு ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் பெரும்பாலும் மூட்டைக் காப்பாற்றிவிடலாம். கோணிய விரலை எந்த மாத்திரையும் நிமிர்த்தாது.

ஆயாவுக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுத்தார். வாரத்துக்கு ஒரு நாள்தான். மறந்துபோய் தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று மூன்று முறை சொல்லி அனுப்பினார். "ஞாயித்துக்கிழம மாத்திர" என்று ஆயாவே பெயர் வைத்துக்கொண்டாள். சில மாதங்களில் வீக்கம் வடிந்தது, தூக்கம் வந்தது. சுண்டுவிரல் பக்கம் சாய்ந்த விரல்கள் சாய்ந்தபடியே நின்றுவிட்டன. மீன் விற்கப் போவதை விட்டுவிட்டாள்.

போன முறை போயிருந்தபோது எதிர்வீட்டுப் பெண் வந்து, காய்ச்சல் வந்துபோனதிலிருந்து மூன்று மாதமாகக் கை வலிக்கிறது, சிக்குன்குன்யாவாத்தான் இருக்கும் என்றாள். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆயா அவளைக் கிட்டே கூப்பிட்டாள்.

"அத வுடு. காலைல ஏந்திரிக்கச் சொல்ல கை விரியுதா? எம்மா நேரம் ஆவுது?"