சிறிய எஸ்யூவி காரில் மிதிவண்டி: உள்ளேயா, கூரையிலா, பின்னாலா?

பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் பிரதான வழித்தடத்தில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கும் மோட்டார் பொருத்தப்படாத வாகனங்களுக்கும் அனுமதியில்லை. மும்பை–புணே விரைவுச்சாலையிலும் மிதிவண்டிகளுக்குத் தடை உள்ளது. இதனால், நகருக்கு வெளியே மலைப்பாதைகளிலும் கிராமச் சாலைகளிலும் மிதிவண்டி ஓட்ட விரும்புவோர், அதைக் காரில் ஏற்றிச் சென்று இறக்க வேண்டியுள்ளது.

அவ்வாறு ஏற்றிச் செல்லும்போது இடவசதியைவிட முக்கியமானவை இரண்டு: சுமை உறுதியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்பதும், காரின் பதிவெண்ணும் விளக்குகளும் மறைக்கப்படாமல் உள்ளனவா என்பதும் ஆகும்.

4 மீட்டர் வரம்பு

சிறிய கார்களுக்கான கலால் வரிச் சலுகை 2006-ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. காரின் நீளம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. மாருதி பிரெஸ்ஸா, டாடா நெக்ஸான், ஹூண்டாய் வென்யூ, கியா சோனெட் ஆகியவை 3,995 மி.மீ. நீளத்தில் வடிவமைக்கப்பட்டதற்கு அந்த வரம்பே காரணம்.

பெரியவர்கள் ஓட்டும் மிதிவண்டி ஏறத்தாழ 1.7 முதல் 1.8 மீட்டர் நீளம் கொண்டது. எனவே, பின் இருக்கையை மடிக்காமல் இந்தக் கார்களின் சரக்குப் பகுதியில் அதை வைக்க இயலாது. விளம்பரங்களில் லிட்டர் கணக்கில் குறிப்பிடப்படும் கொள்ளளவு இதற்கு உதவாது. பின்கதவுத் திறப்பின் அகலத்தையும், இருக்கையை மடித்த பின் கிடைக்கும் நீளத்தையும் அளந்து பார்ப்பதே சரியான வழி.

காருக்கு உள்ளே

ஒரு மிதிவண்டியை மட்டும் கொண்டு செல்ல இதுவே பாதுகாப்பான முறை. மழை, தூசு, திருட்டு ஆகியவற்றிலிருந்து பாதுகாப்பு கிடைப்பதுடன், சட்டச் சிக்கலும் எழுவதில்லை.

முன்சக்கரத்தைக் கழற்றி, இருக்கைக் கம்பத்தை இறக்கி, முன் இருக்கையைச் சற்று முன்னே நகர்த்தினால் பெரும்பாலான மிதிவண்டிகள் உள்ளே அடங்கிவிடும். சங்கிலியும் கியர் மாற்றும் அமைப்பும் உள்ள பக்கம் மேல்நோக்கி இருக்குமாறு கிடத்த வேண்டும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள மிதிவண்டியில் சக்கரத்தைக் கழற்றிய பின் பிரேக் பிடியை அழுத்தக் கூடாது. அழுத்தினால் பிரேக் கட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கி, சக்கரத்தை மீண்டும் பொருத்த முடியாமல் போகும். அவற்றுக்கிடையே ஒரு தடித்த அட்டைத் துண்டைச் செருகி வைப்பது இதைத் தவிர்க்கும்.

உள்ளே வைத்துவிட்டால் போதும் என்று பலர் கட்டாமல் விடுவது ஆபத்தானது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் மோதலில் பத்தில் ஒரு நொடிக்குள் நின்றுவிட்டால், 12 கிலோ எடையுள்ள மிதிவண்டி சுமார் 170 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் முன்னே பாயும். சரக்குப் பகுதியில் உள்ள கொக்கிகளில் பட்டைகளைக் கோத்து இறுகக் கட்டுவது அவசியம். மிதிவண்டிக்கு நேர் முன்னால் உள்ள இருக்கையில் யாரும் அமராமல் இருப்பது நல்லது.

கூரையின் மேல்

இரண்டு மிதிவண்டிகள் இருந்தால் கூரைத் தாங்கி ஒரு தீர்வு. இதில் நம்பர் பிளேட்டும் விளக்குகளும் மறைவதில்லை. ஆனால் சில கார்களில் உள்ள கூரைக் கம்பிகள் அழகுக்காக மட்டுமே பொருத்தப்பட்டவை; எடையைத் தாங்காதவை. காருடன் வழங்கப்படும் கையேட்டில் கூரையின் எடை வரம்பைப் பார்த்த பிறகே தாங்கியை வாங்க வேண்டும். குறுக்குக் கம்பிகள், தாங்கி, மிதிவண்டி ஆகிய அனைத்தின் எடையும் அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும்.

உயரமும் கவனத்துக்குரியது. இத்தகைய கார்களின் உயரம் 1.6 முதல் 1.7 மீட்டர் வரை. அதன் மேல் மிதிவண்டியை நிற்கவைத்தால் மொத்த உயரம் 2.7 மீட்டரைத் தாண்டும். வணிக வளாகங்களின் அடித்தள வாகன நிறுத்தங்களில் இந்த உயரத்துடன் நுழைய முடியாது. மறதியாக நுழைந்தால் மிதிவண்டி, தாங்கி, கூரை ஆகிய மூன்றும் சேதமடையும்.

காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தை 100 ஆக உயர்த்தினால் அந்த விசை ஏறத்தாழ 56 சதவீதம் அதிகரிக்கும். இதனால் எரிபொருள் செலவு கூடுவதோடு, கட்டுகளின் மீதான இழுவிசையும் கூடுகிறது.

பின்கதவில்

பட்டைகளால் பின்கதவில் மாட்டும் தாங்கிகள் விலை குறைந்தவை, பொருத்துவதும் எளிது. எனினும் சட்டச் சிக்கல் அதிகம் எழுவது இவற்றில்தான்.

பதிவெண் காட்டப்பட வேண்டிய முறையை 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 50-வது விதி வரையறுக்கிறது. பின்புறம் தொங்கும் மிதிவண்டி நம்பர் பிளேட்டை மறைத்துவிட்டால் அந்த விதியின் நோக்கமே பாழாகிறது. பிரிட்டனில் இத்தகைய நேரத்தில் கூடுதல் நம்பர் பிளேட்டைத் தாங்கியின் மேல் பொருத்திக்கொள்கின்றனர். இந்தியாவில் 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வாகனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட், லேசரால் பொறிக்கப்பட்ட தனி எண்ணுடன், கழற்ற முடியாத பூட்டால் வாகனத்தோடு பிணைக்கப்படுகிறது. அதைக் கழற்றித் தாங்கியில் மாட்ட இயலாது.

அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் சுமை பக்கவாட்டிலோ, முன்னாலோ, பின்னாலோ, உயரத்திலோ நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம். எனவே மிதிவண்டியின் சக்கரங்கள் காரின் அகலத்துக்கு வெளியே நீளாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

பின்கதவில் மாட்டுவோர் கொக்கிகளை பிளாஸ்டிக் பாகங்களில் மாட்டாமல், கதவின் உலோக விளிம்பில் மாட்ட வேண்டும். டயர் புகைபோக்கிக் குழாய்க்கு அருகில் தொங்கினால் வெப்பத்தால் உருகக்கூடும். 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள மின்சார மிதிவண்டிகள் பெரும்பாலான பட்டைத் தாங்கிகளுக்கு ஏற்றவை அல்ல.

துளையிடலாமா?

தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைப்பதைச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. ஆகவே, காரின் உடலில் துளையிட்டோ பற்றவைத்தோ நிரந்தரச் சட்டகம் அமைப்பதைத் தவிர்த்து, பயணம் முடிந்ததும் கழற்றி வைக்கக்கூடிய தாங்கியைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது.

புறப்படும் முன்

* தண்ணீர்ப் புட்டி, காற்றடிக்கும் பம்பு, விளக்கு, மின்சார மிதிவண்டியாயின் பேட்டரி ஆகியவற்றைக் கழற்றிக் காருக்குள் வைக்க வேண்டும்.
* பட்டைகளின் தொங்கும் நுனிகளை முடிச்சிட வேண்டும்.
* காருக்குப் பின்னால் சில அடி தள்ளி நின்று பதிவெண், பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் ஆகியவை முழுமையாகத் தெரிகின்றனவா எனப் பார்க்க வேண்டும்.
* முதல் 10 கி.மீ. கடந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தி, கட்டுகளை மீண்டும் இறுக்க வேண்டும். புதிதாகக் கட்டிய பட்டைகள் தொடக்க அதிர்வுகளிலேயே தளர்வது வழக்கம்.

விரைவுச்சாலையில் கழன்று விழும் மிதிவண்டியால் அதன் உரிமையாளருக்கு ஏற்படுவது பொருள் இழப்பு மட்டுமே. பின்னால் வரும் வாகனத்தில் இருப்பவருக்கு அது உயிரிழப்பாகவும் முடியலாம்.