பூவரசம்பூவும் பாப்பிப்பூவும்: போருக்கு எதிராகப் பூ விற்ற இளைஞர்கள்

ஷா ஆலமில் நான் பாடம் எடுக்கும் மாணவர்கள் போன வருஷம் கேண்டீன் தினத்தில் ஒரு மேசை போட்டார்கள். வடை, கறிபாப், சிராப் தண்ணீர். வரும் காசு முழுவதும் போரில் வீடிழந்த குழந்தைகளுக்கு என்று அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். மறுநாள் வகுப்பில் முதல் கேள்வியே, "டீச்சர், எவ்வளவு சேர்ந்துச்சு?" என்பதுதான். தொகையைச் சொன்னேன். அதிகமில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "இந்தக் காசுல எந்தப் போர் டீச்சர் நிக்கப் போவுது?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. அது நல்ல கேள்வி. வரலாறு படிக்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வியும்கூட. அடுத்த வாரம் பதிலாக ஒரு கதை கொண்டுபோனேன். அது 1930களில் இலங்கையில் நடந்தது. நம் பாடநூலில் இல்லை. ஆனாலும் படிவம் 4இல் வரும் தேசியவாத எழுச்சி, உலகப் போர் ஆகிய பகுதிகளுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கஷ்டம். ஆசிரிய நண்பர்களுக்கும் தேர்வு எழுதும் மாணவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே தருகிறேன்.

முதலில் பாப்பிப்பூ

முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11ஆம் தேதி காலை 11 மணிக்கு ஓய்ந்தது. போரில் இறந்தவர்களின் நினைவாகவும், ஊனமுற்றுத் திரும்பிய வீரர்களுக்கு உதவவும் 1921 முதல் பிரிட்டனில் சிவப்புப் பாப்பிப்பூ விற்கத் தொடங்கினார்கள். துணியிலும் காகிதத்திலும் செய்த சின்னப் பூ. காசு போட்டால் சட்டையில் குத்திக்கொள்ளலாம். இந்த வழக்கம் பிரிட்டனோடு நிற்கவில்லை. காலனி நாடுகளுக்கும் வந்தது.

இலங்கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பாப்பிப்பூ வாங்கினார்கள். "வாங்கினார்கள்" என்பதைவிட "வாங்க வைக்கப்பட்டார்கள்" என்பதே சரி. திரண்ட பணத்தில் பெரும்பகுதி பிரிட்டிஷ் வீரர்களின் நலனுக்குப் போனது. அதே போரில் பணிபுரிந்து திரும்பிய இலங்கையருக்குக் கிடைத்தது சொற்பம். இதைப் பொறுக்காத முன்னாள் வீரர் ஏலியன் பெரேரா, அதே நவம்பர் 11இல் போட்டியாக வேறொரு பூவை விற்கத் தொடங்கினார். அதுதான் "சூரிய மல்".

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சூரிய மல் என்றதும் சூரியகாந்தி என்று எழுதிவிடாதீர்கள். சிங்களத்தில் "சூரிய" என்பது நம் பூவரச மரம். இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவோமே, அதே மரம். காலையில் மஞ்சளாக மலர்ந்து மாலையில் சிவக்கிற அந்தப் பூதான் பாப்பிப்பூவுக்கு எதிராக நின்றது.

உதவி எப்படிப் போர் எதிர்ப்பானது?

ஏலியன் பெரேராவின் நோக்கம் எளிமையானது: நம் வீரர்களுக்கும் உதவி வேண்டும். அது நியாயமான கோரிக்கைதான். ஆனால் போரைப் பற்றி அதில் கேள்வி எதுவும் இல்லை.

1933இல் அந்தக் கேள்வி எழுந்தது. இலங்கையில் அப்போது வாலிபர் சங்கங்கள் பரவிக்கொண்டிருந்தன. இந்திய விடுதலைப் போராட்டத்தின் அலை அங்கேயும் அடித்தது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் புறக்கணித்து, முழு விடுதலை வேண்டும் என்றது. தெற்கில், வெளிநாட்டில் படித்துத் திரும்பிய இளைஞர்கள் தென் கொழும்பு வாலிபர் சங்கத்தில் கூடினார்கள். வெள்ளவத்தை நூற்பாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் துணை நின்றவர்களும் இவர்களே. பூ விற்பனையை இவர்கள் கையில் எடுத்தபோது அதன் பொருளே மாறிவிட்டது. "நம் வீரர்களுக்கும் பங்கு கொடு" என்பதோடு நிற்காமல், "யாருடைய போருக்கு நம் ஆட்கள் போனார்கள்? இன்னொரு போர் வந்தால் ஏன் போக வேண்டும்?" என்று கேட்டார்கள்.

இயக்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஓர் ஆசிரியை, அதுவும் ஆங்கிலேயப் பெண். பெயர் டொரீன் யங். மாத்தறை சுஜாதா வித்தியாலயத்தில் தலைமையாசிரியராக இருந்தவர். இலங்கைப் பிள்ளைகளைப் பாப்பிப்பூ வாங்க வைப்பதைக் கண்டித்து "பூக்களின் போர்" என்ற பொருள்படும் தலைப்பில் பத்திரிகையில் எழுதினார். பின்னாளில் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவை மணந்து, 1952இல் நாடாளுமன்றத்துக்கும் போனார். ஆட்சி செய்த நாட்டிலிருந்தே வந்த ஒருவர் இதற்குத் தலைமை தாங்கினார் என்பதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். அந்த இளைஞர்கள் எதிர்த்தது ஆதிக்கத்தைத்தான், ஆங்கிலேயர் ஒவ்வொருவரையும் அல்ல.

அதே 1933இல் பிரிட்டனிலும் ஒன்று நடந்தது. கூட்டுறவு மகளிர் சங்கத்துப் பெண்கள் சிவப்புப் பாப்பிக்குப் பதிலாக வெள்ளைப் பாப்பியை விற்கத் தொடங்கினார்கள். போரில் கணவனையும் மகனையும் இழந்த பெண்கள் பலர் அதில் இருந்தார்கள். இனிப் போரே வேண்டாம் என்பது அதன் பொருள். ஆக, கொழும்பில் மஞ்சள் பூ, லண்டனில் வெள்ளைப் பூ. ஆளும் நாட்டிலும் ஆளப்பட்ட நாட்டிலும் ஒரே ஆண்டில் ஒரே கேள்வி எழுந்திருக்கிறது.

எவ்வளவு சேர்ந்தது?

இப்போது என் மாணவனின் கேள்விக்கு வருவோம். சூரிய மல் இயக்கத்துக்குச் சேர்ந்த பணம் பெரிதல்ல. காரணம், பூ வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். வசதி படைத்தவர்கள் பாப்பிப்பூவைத்தான் குத்திக்கொண்டார்கள். ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் படிப்புக்கு இந்த நிதி உதவியது.

தொகை சிறிதென்றால் காலனி அரசு ஏன் கவலைப்பட வேண்டும்? தெருவில் நிதி திரட்டுவதைக் கட்டுப்படுத்த அது சட்டத்தின் துணையைத் தேடியது. சில்லறைக் காசைக் கண்டு எந்த அரசும் பயப்படாது. அந்தப் பூவைச் சட்டையில் குத்தியவர் ஊரறியச் சொன்ன சொல்லைக் கண்டுதான் பயந்தது.

அடுத்ததாக 1934ஐப் பாருங்கள். மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. கொசு பெருகி மலேரியா பரவியது. 1935க்குள் 80,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் சுமந்து போனவர்களில் பூ விற்ற இந்த இளைஞர்களும் இருந்தார்கள். பூ விற்கப் பழகிய கூட்டம், ஆபத்தில் உடனே திரண்டது. இவர்களில் பலர் சேர்ந்து 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். மறுவருடத் தேர்தலில் என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன இருவரும் வென்றார்கள். பெரேரா வென்ற ருவன்வெல்லை, மலேரியா வாட்டிய அந்தக் கேகாலை மாவட்டத்தில்தான் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. கட்சி போரை எதிர்த்தது. 1940இல் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 1942இல் கண்டிச் சிறையிலிருந்து தப்பி, சிலர் இந்தியாவுக்குப் போனார்கள். பூ விற்றபோது சொன்னதற்கு விலை கேட்கப்பட்டது. அவர்களும் கொடுத்தார்கள்.

நம் நாட்டுப் பக்கம்

இதை மலாயாவோடு ஒப்பிட்டால் பாடம் இன்னும் தெளிவாகும். 1912இல் கூட்டு மலாய் மாநிலங்கள் பிரிட்டனுக்கு ஒரு போர்க்கப்பல் வழங்க முன்வந்தன. "மலாயா" என்ற பெயரோடு அந்தக் கப்பல் 1916இல் ஜட்லாந்து கடற்போரில் சண்டையிட்டது. செலவு 30 இலட்சம் பவுனுக்குச் சற்றே குறைவு. அந்த வருமானத்துக்குப் பின்னால் ஈய லம்பத்தின் உழைப்பும், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய நம் முன்னோரின் வியர்வையும் இருந்தன. அவர்களை யாரும் கேட்கவில்லை.

1943இல் நேதாஜி இங்கே வந்தபோது நிலைமை வேறு. நகையைக் கழற்றிக் கொடுத்த பெண்களைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது மனமுவந்து கொடுத்தது. ஆனால் அதுவும் ஒரு போருக்காகவே. எது சரி, எது தவறு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. யார் கேட்டார், யார் கொடுத்தார், எதற்குக் கொடுத்தார் என்று மூன்று கேள்விகளையும் ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்க்க வேண்டும். அதுதான் வரலாற்றுச் சிந்தனை.

புகழ்பாடி முடிக்க வேண்டாம்

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லித் தர வேண்டும். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை இந்த இடதுசாரிகள் எதிர்த்தார்கள். ஆனால் 1972இல், சிங்களத்துக்கும் பௌத்தத்துக்கும் தனியிடம் தந்த அரசியலமைப்பை வடித்தவர், அன்று போரை எதிர்த்துச் சிறை சென்ற கொல்வின் ஆர். டி சில்வாதான். பின்னர் அந்தத் தீவில் 1983 முதல் 2009 வரை போர் நடந்தது. ஒரு காலத்தில் எடுத்த நல்ல நிலைப்பாடு, காலமெல்லாம் நம்மைக் காப்பாற்றாது. அதை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக எடுத்தாக வேண்டும்.

வகுப்பில் கேட்க மூன்று கேள்விகள்

1. ஏலியன் பெரேராவின் பூ விற்பனைக்கும் 1933க்குப் பிந்தைய விற்பனைக்கும் நோக்கத்தில் என்ன வேறுபாடு?
2. சேர்ந்த தொகை சிறிதாக இருந்தும் இயக்கம் வளர்ந்ததற்கான இரண்டு காரணங்களை எழுதுக.
3. "மலாயா" போர்க்கப்பலையும் சூரிய மல்லையும் ஒப்பிட்டு, கொடுப்பவரின் சம்மதம் ஏன் முக்கியம் என்று விளக்குக.

நம் நாட்டில் ஜூலை 31 வீரர்கள் தினத்தை ஒட்டி, செம்பரத்தை வடிவச் சின்னம் அணிந்து முன்னாள் வீரர்களுக்கு நிதி தருகிறோம். செம்பரத்தையும் பூவரசும் ஒரே தாவரக் குடும்பம். இதைச் சொன்னபோது வகுப்பில் ஒருத்தி, "அப்போ அக்கா தங்கச்சி பூ டீச்சர்!" என்றாள். ஆமாம். ஒன்றைக் குத்திக்கொண்டு போனவர்களை நினைக்கிறோம். இன்னொன்றைக் குத்திக்கொண்டு இனி யாரும் போக வேண்டாம் என்றார்கள். இரண்டும் மனதில் இருக்கட்டும்.

பின்வரிசைப் பையன் இந்த வருஷக் கேண்டீன் தின மேசைக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறான். இந்த முறை அட்டையில் அவனே எழுதப்போகிறானாம்: காசு யாருக்கு, எதற்கு, ஏன்.